பன்னிரண்டரை மணிக்காரி

"ஒரே ஒரு நாள் மதுரைக்கு வந்தாப் போதும் கௌரி. தலையில ஒரு பட்டையக் கட்டுவாங்க, நாலு மணி நேரம் கேள்வி கேப்பாங்க. அவ்வளவுதான்."

"எதுக்கு என் தலை? ஊர்ல உனக்கு வேற தலையே கெடைக்கலியா?"

"பருப்பு தெரிஞ்ச தலை வேணும்."

மூன்று வருடங்களுக்கு முன்பு, விருதுநகரில் எங்கள் கமிஷன் மண்டியில், துவரை மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மாரீஸ்வரன் என்னிடம் இப்படித்தான் கேட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளிக்கூடம், ஒரே தெரு. அவனுக்கு வெளிநாட்டில், ஆர்ன்ஹேவன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. தண்ணீர் சுத்திகரிப்பில் ஆராய்ச்சிப் படிப்பு. அவனுடைய அப்பா ஆலை விபத்தில் இறந்தபோது வந்த பணம் முதல் வருடத்துக்குத்தான் காணும். மிச்சத்தை அந்த ஊர்ப் பங்குச் சந்தையில் போட்டு வளர்த்தால்தான் அடுத்த இரண்டு வருடங்களும் படிக்க முடியும்.

"சரி, நீயே பாத்து வாங்கி வித்துக்கோ. இதுக்கு நான் எதுக்கு?"

"அங்கதான் சிக்கல். படிக்க வந்தவன் பங்கு வச்சிருக்கலாம், தப்பில்ல. ஆனா எதை வாங்கணும், எப்ப விக்கணும்னு யோசிச்சு முடிவு பண்றது இருக்குல்ல, அது உழைப்பாம். படிப்பு விசாவுல வந்தவன் அந்த உழைப்பைச் செய்யக் கூடாதாம்."

"யோசிக்கிறது உழைப்பா? அப்ப பொழுதன்னிக்கும் விலைய யோசிக்கிற எங்கப்பாவுக்கு யாரு கூலி குடுக்கா?"

அவன் சிரித்தான். "பெரிய கம்பெனிக்காரன் யாராச்சும் நமக்காக யோசிப்பான். ஆனா அவன் கேக்குற கூலி நமக்குக் கட்டாது. இன்னொரு வழி இருக்கு. பத்து வருஷமாத் தெரிஞ்ச ஒரு ஆளு. அந்த நாட்டுல இருக்கக் கூடாது. அந்த ஆளோட மனச அப்படியே நகல் எடுத்து வச்சுக்கிருவாங்க. அதுதான் வாங்கும், விக்கும். தினம் காலையில பத்து நிமிஷம், என்ன செஞ்சேன்னு என்கிட்டச் சொல்லும். நான் கேட்டுக்கலாம், பேசிட்டு இருக்கலாம். ஆனா இதச் செய், அதச் செய்யின்னு மட்டும் சொல்லக் கூடாது."

"அது என்னைய மாதிரியே பேசுமா?"

"உன் குரலு, உன் கிண்டலு, எல்லாம். புது விசயத்த ஞாபகம் வச்சுக்கும். ஆனா குணம் மட்டும் அன்னிக்கு இருந்த மாதிரியே நிக்கும், மாறாது. மாறுனா அது வேற ஆளாயிரும்ல? அப்புறம் அதுக்குத் தனியா விசா எடுக்கணும்."

அவன் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"மதுரைக்கு பஸ்ஸா, ட்ரெயினா?" என்று கேட்டேன்.

இருபத்தைந்து வயது கௌரியை அன்றைக்கு அப்படித்தான் நகல் எடுத்தார்கள். அடுத்த மாதம் அவன் கிளம்பிவிட்டான்.

*

ஆர்ன்ஹேவனில் காலை எட்டு மணி என்றால் விருதுநகரில் மதியம் பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரம். அண்ணன் மனைவி பொற்கொடி மதினி தூக்குச் சட்டியை மேஜையில் வைக்கும்போதே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"என்ன, ஒன் சக்களத்தி பேச ஆரம்பிச்சிருப்பாளே?"

"மதினி, அது நான்தான்."

"நீன்னா ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? பன்னெண்டரை மணிக்காரி அங்க சிரிச்சுப் பேசிட்டு இருக்கா. பொழுதன்னிக்கும் இருக்குறவ இங்க ரசத்த வெறிச்சுப் பாத்துட்டு இருக்கா."

மதினி சொன்னது பொய்யில்லை. முதல் கவளம் உள்ளே போகும் நேரத்தில் அவன் அங்கே காபிக் கோப்பையோடு உட்காருவான் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடம் என் குரல் அவன் அறையில் இருக்கும். என்னோடு அவன் பேசுவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். நகலுக்கு உரியவரோடு மாணவன் அடிக்கடி பேசினால், பதில் சொல்லிக் கொடுக்கிறான் என்று சந்தேகப்படுவார்களாம். "பேச்சைக் கொறச்சுக்குவோம் கௌரி, வம்பு வேணாம்" என்று அவன்தான் சொன்னான். நானும் சரி என்றேன். நான் எதற்குத்தான் சரி என்று சொல்லாமல் இருந்திருக்கிறேன்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் மதுரை விசா மையத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஒப்பீடு என்று பெயர். எஸ்தர் என்கிற அதிகாரிதான் எப்போதும் வருவார். பாளையங்கோட்டைக்காரர். முதல் தடவை என் நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டே விளக்கினார்.

"உங்க நகலும் அந்தப் பையனும் பேசின பதிவுல இருந்து பத்து துண்டு போடுவேன். அவர் பேசினது மட்டும் கேக்கும். நகல் என்ன பதில் சொல்லிச்சுன்னு கேக்காது. அந்த எடத்துல நீங்க என்ன சொல்லியிருப்பீங்களோ அதச் சொல்லணும். நீங்க சொன்ன பெறகு நகலோட பதிலப் போட்டு ஒப்பிடுவேன். மனசுல இல்லாதத வாய் சொன்னா பட்டை காட்டிக் குடுத்துரும்."

"ஒத்துப் போகலேன்னா?"

"பத்துல மூணு தப்புச்சுன்னா நகல் செல்லாது. உங்கள மாதிரி இல்லாத நகல் எப்படி வந்துச்சு? தினம் பேசிப் பேசி பையன் அதத் தன் பக்கம் இழுத்துட்டான்னு அர்த்தம். அப்ப முடிவெல்லாம் அவன் எடுத்ததுதான? படிப்பு விசாவுல வேலை பாத்திருக்கான். ஊருக்கு அனுப்பிருவாங்க. படிப்பும் ரத்தாகும்."

"நகல் மாறாம, நான் மாறிட்டா?"

எஸ்தர் பட்டையின் கொக்கியை மாட்டுவதை நிறுத்தினார். "சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாதும்மா. படிப்பு முடியுற வரைக்கும் நீங்க மாறாம இருக்கப் பாருங்க."

அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்பதை வெளியே கூடத்தில் பார்த்தேன். சாத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மகளுக்காக நகல் கொடுத்தவர். இடையில் நெஞ்சுவலி வந்து பிழைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்கு எதைப் பார்த்தாலும் பயம். நகலுக்கு அந்தப் பயம் இல்லை. நாலு பதில் தப்பிவிட்டது. மகளுக்குத் திரும்பி வர டிக்கெட் போட்டுவிட்டார்களாம். "நான் பொழச்சிருக்கவே கூடாதுங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் என்னைக் காவல் காக்க ஆரம்பித்தேன்.

குளிர்பதனக் கிடங்கு ஒன்று விலைக்கு வந்தது. வாங்கியிருந்தால் எங்கள் மண்டி ஊரிலேயே பெரிதாகியிருக்கும். எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய துணிச்சல் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பிறகு போகுமா? பங்கு விஷயத்தில் என் பதில் மாறிவிடுமே! வேண்டாம் என்றேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தேனியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் பெண் பார்க்க வந்தார். நல்ல மனிதர். கல்யாணம் ஆளை மாற்றிவிடும் என்று எஸ்தர் சொல்லியிருந்தாரே! அது நல்ல சாக்காகப் போயிற்று. அதற்கும் வேண்டாம் என்றேன். சரக்கை மாற்றாமல் மூட்டையிலேயே வைத்திருந்தால் வண்டு விழும் என்பது மண்டியில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் என்னை வைத்திருந்தேன்.

ஒப்பீடு எனக்குக் கஷ்டமாகவே இருந்ததில்லை. துண்டில் அவன் ஒரு கப்பல் கம்பெனியைப் பற்றிச் சொல்வான். பத்து நாளில் விலை இவ்வளவு ஏறியிருக்கிறதே என்று மலைப்பான். "வேகமா ஏறுன உளுந்து வேகமா எறங்கும், பாதிய வித்துட்டேன்" என்பேன். ஒத்துப் போனதற்கு மேஜை மேல் பச்சை விளக்கு எரியும். எஸ்தர் நகலின் பதிலைப் போடுவார். வார்த்தைக்கு வார்த்தை அதே உளுந்து.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அந்தத் துண்டுகளில் அவன் இருந்தான்.

"இன்னிக்கு ரசம் வச்சேன் கௌரி. புளி கெடைக்கல, எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். கூட இருக்குற பையன் மருந்தான்னு கேக்குறான்."

"ஆராய்ச்சி சரியா வரல. பேராசிரியர் முன்னாடி அழுகை வந்துருச்சு. யாருட்டயும் சொல்லல. உன்கிட்டத்தான் சொல்றேன்."

உன்கிட்ட என்று அவன் சொன்னது என்னையல்ல. பன்னிரண்டரை மணிக்காரியை. அவளுக்குச் சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம், கிடங்கு வேண்டாம், ஏலக்காய் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எனக்கு வயது இருபத்தெட்டு. அவளுக்கு என்றைக்கும் இருபத்தைந்து. அவன் அழுத விஷயம் அவளுக்கு அன்று காலையே தெரியும். எனக்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு அதிகாரியின் முன்னால், நெற்றியில் பட்டையோடு தெரியவந்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னேன். தண்ணீர்க் குழாய் கம்பெனியை விற்க மாட்டேன் என்று. பச்சை.

போன பொங்கலுக்கு அவன் பேசியபோது ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். அவனைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று வெறியாக இருந்தது. மண்டிக்கு வந்த ஒரு புது வியாபாரி பாசிப்பயறை வாயில் போட்டுப் பார்த்து, "இதுல ஏன் உப்பே இல்ல?" என்று அப்பாவிடம் கேட்ட கதையைச் சொன்னேன். ரசித்து, நடித்து, அப்பா குரலில் எல்லாம் சொன்னேன்.

"இத நீ ஏற்கனவே சொல்லிட்டியே கௌரி" என்றான் அவன்.

அவள் சொல்லியிருக்கிறாள். நகல் எடுப்பதற்கு முந்தைய கதை அது. அவளிடமும் அது இருக்கும் என்ற நினைப்புக்கூட எனக்கு வரவில்லை. என் கதைகளை எல்லாம் அவள் எனக்கு முன்னால் அவனிடம் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமால்ல" என்றேன். "சரி, வைக்கட்டுமா?"

*

பங்குனியில், ஒரு வியாழக்கிழமை, விசா மையத்திலிருந்து போன் வந்தது. எஸ்தர்தான். குரல் வழக்கம் போல் இல்லை.

"ஜெயகௌரி, நாளைக்கு வர முடியுமா? தவணை ஒப்பீடு இல்ல. உங்க நகல் மேல ஒரு புகார் வந்திருக்கு. நகல் ஆளைப் போல நடந்துக்கலையாம்."

"யாரு குடுத்தது?"

"மாரீஸ்வரனே குடுத்திருக்காரு."

பஸ்ஸில் மதினியும் கூட வந்தாள். திருமங்கலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"கிறுக்குப் பய. இன்னும் நாலு வாரத்துல பட்டம். தானா போயி எவனாவது தன் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்குவானா?"

"நகல்கிட்ட வித்தியாசம் தெரிஞ்சா ஒரு நாளைக்குள்ள சொல்லிரணும் மதினி. சொல்லாம பின்னால தெரிஞ்சா ஜெயிலே உண்டு. அவன் சின்ன வயசுலயே அப்படித்தான். வாத்தியார் மார்க்கு கூடப் போட்டாத் திருப்பிக் குடுத்துட்டு வருவான்."

"அந்தத் தேனிக்காரருக்குப் புள்ள பெறந்துருச்சாம்."

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. நீ இவன்ட்ட கேட்டியா, இல்லியா?"

"என்னத்த?"

"என்னத்தயாம்!" மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இந்த மூணு வருஷத்துல அவன் பங்குக்கு இத்தன பதில் சொல்லிருக்க. ஒனக்குன்னு ஒரு கேள்வி கேக்கத் துப்பில்ல."

எஸ்தரின் அறையில் மேஜை மேல் வழக்கமான சின்ன விளக்கு இருந்தது. பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி புதிதாக இருந்தது.

"மாரீஸ்வரன் லைன்ல இருக்காரு. புகார் குடுத்தவர் கேட்டாகணும்னு விதி. அவருக்கு நம்ம பேச்சு கேக்கும். அவர் பேச முடியாது" என்றார் எஸ்தர். "இன்னிக்கு ஒரே கேள்விதான். ரெண்டு தரம் பதில் சொல்லலாம். ரெண்டும் நகலோட ஒத்துப் போகலேன்னா நகல் செல்லாதுன்னு எழுதிருவேன். எழுதித்தான் ஆகணும்."

"அப்ப அவன் படிப்பு?"

எஸ்தர் எழுந்து வந்து பட்டையைக் கட்டினார். துண்டைப் போட்டார்.

மாரீஸின் குரல். பின்னால் எங்கோ ஜன்னலில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"கௌரி, ஒண்ணு கேக்கணும். இங்க ஒரு தண்ணி கம்பெனியில வேலை தர்றேங்குறாங்க. நல்ல சம்பளம். சேர்ந்தா நம்ம பங்கெல்லாம் இங்கயே இருக்கட்டும், வளரட்டும். இல்ல, ஊருக்கு வந்துர்றதுன்னா எல்லாத்தையும் வித்துட்டு வரணும். நான் சொல்லக் கூடாது. நீதான் முடிவு பண்ணணும். வச்சுக்கப் போறியா, விக்கப் போறியா?"

துண்டு நின்றது.

என் காது கொதித்தது. மூன்று வருடம் எந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேனோ, அதை அவன் கேட்டுவிட்டான். அவளிடம். காபிக் கோப்பையோடு உட்கார்ந்து, ஒரு மழைக் காலையில், அவளிடம். என் முகவரியும் போன் நம்பரும் அவனிடம் இருக்கின்றன. பொங்கலுக்குப் பேசினானே, அப்போது கேட்டிருக்கலாமே! வம்பு வேண்டாம் என்று இருந்துவிட்டான். நானும் இருந்துவிட்டேன்.

எஸ்தர் காத்திருந்தார்.

எனக்கு இருபத்தைந்து வயது கௌரியைத் தெரியும். அவள் என்ன சொல்லியிருப்பாள்? மூட்டைகளுக்கு நடுவில் நின்று பஸ்ஸா, ட்ரெயினா என்று கேட்டவள் அவள்.

"உன் இஷ்டம்டா. உனக்கு எது நல்லதோ அதச் செய்யி" என்றேன்.

சிவப்பு எரிந்தது. பட்டையும் நெற்றியில் இரண்டு முறை அதிர்ந்தது.

எஸ்தர் பெருமூச்சு விட்டார். "பட்டையும் ஒத்துக்கல, நகலும் ஒத்துக்கல. இது உங்க மனசுல இருக்குற பதில் இல்ல ஜெயகௌரி."

"நகல் என்ன சொல்லிச்சு?"

"இன்னொரு தரம் பாக்கி இருக்கே, இப்பச் சொல்லக் கூடாது." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அதுக்கப்பறம் பையன் பேசினது புகார்லயே இருக்கு. அதப் போடலாம்."

போட்டார். முதலில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாரீஸ். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத குரல்.

"ஏய், நீ இப்படிப் பேச மாட்டியே. என்ன ஆச்சு உனக்கு? எனக்குக் கௌரியத் தெரியும். பதினாறு வருஷமாத் தெரியும். அவ வாயில இருந்து இந்த வார்த்தை ஒரு நாளும் வராது. வந்திருந்தா நான்..." நிறுத்தினான். "இல்ல. நீ கெட்டுப் போயிட்ட. நான் பேசிப் பேசி எனக்கு வேண்டியதச் சொல்ல உன்னைப் பழக்கிட்டேன். தப்பு என் மேலதான். எழுதிக் குடுத்துர்றேன்."

துண்டு முடிந்தது.

ஒரு வார்த்தை. என் வாயிலிருந்து ஒரு நாளும் வராது என்று பதினாறு வருடம் பழகியவன் சத்தியம் செய்கிற வார்த்தை. அது என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் சொல்லிவிட்டாள். என் கதையைச் சொன்னாள், என் கிண்டலைச் சொன்னாள், அவன் அழுகையை வாங்கிக்கொண்டாள். கடைசியில் இதையும் எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன, சுலபம். தெருவில் நாலு பேர் இல்லை. அப்பா இல்லை. கேட்டு, அவன் மாட்டேன் என்றால், மறுநாள் காலையில் மண்டிக்கு வந்து மூட்டை எண்ண வேண்டியதில்லை.

ஆனால் அவளுக்கு என் குணம்தானே? அன்றைக்கு என்னிடம் இல்லாத எதுவும் அவளிடம் கிடையாதே? அவன் நேராகக் கேட்டான், அவள் சொன்னாள். அவ்வளவுதான் வித்தியாசம். சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது என்ன? கெட்டுப் போய்விட்டாய் என்ற பேச்சு. தான் பேசியது தன் பேச்சே இல்லை என்று ஒரு புகார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பன்னிரண்டரை மணிக்காரி மேல் எனக்குப் பாவமாக இருந்தது. பொறாமை போய்விடவில்லை. அதன் பக்கத்திலேயே இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஜெயகௌரி, இது ரெண்டாவது தரம்" என்றார் எஸ்தர். "அவசரமில்ல. ஆனா இதுக்கு மேல நான் கேக்க முடியாது."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மதினி எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் மணி பன்னிரண்டு முப்பத்தாறு. அங்கே அவன் ஒலிபெருக்கிக்கு அந்தப் பக்கம், பேச முடியாமல், தன் படிப்பு நிற்குமா போகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னால் அவன் விசா தப்பிக்கும். சொன்ன பிறகு வேலைதான் முக்கியம் என்று அவன் அங்கேயே இருந்தும் விடலாம். அப்போது இந்த அறையில் எஸ்தருக்கும் மதினிக்கும் ஊருக்கும் தெரிந்துவிடும், நான் கேட்டேன், அவன் வரவில்லை என்று.

ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். எஸ்தரைப் பார்த்துச் சொன்னால் அது பதிலாகத்தான் இருக்கும்.

"மாரீஸ்," என்றேன். குரல் பிசிறியது. மறுபடி கூப்பிட்டேன். "மாரீஸ், எல்லாத்தையும் வித்துருவோம். வித்துட்டு ஊருக்கு வந்துரு. எனக்காக வா."